ஒரு பானைச் சோறும் ஒரு நாட்டு மக்களும்

திருகோணமலையில் ஆசிரியத்தொழில் புரியும் பெண்மணி ஒருவர் எமக்கு நீண்ட கடிதமொன்று எழுதியுள்ளார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்பது அவர் வேண்டுகோள், அவ்வாறே செய்கின்றோம். ஆனால் அவர் கேட்டிருக்கும் கேள்வி அவருக்கு மாத்திரம் உரியதன்று. இக்காலத்தில் கடல் கடந்த உறவும் நட்பும் இல்லாத தமிழ்க் குடும்பத்தை இந்நாட்டிலே காண்பதரிது. ஆகையால் அதனை இவ்வாரம் வாசகர் அனைவர் முன்னும் வைத்து ஆராயத் துணிந்தோம்.

ரொறன்ரோ நகரில் வாழும் ஓர் அம்மையாருடன் இவ்வாசிரியைக்கு நான்கு ஆண்டுகளாகப் பழக்கம். ஒருவரையொருவர் நேரிற் கண்டதில்லை. இருவரையும் இணைத்தது பூவேலை. துணியில் நூலோட்டும் மாதிரிகளை ஒருவருக்கொருவர் அனுப்புவதும், நிறம் பொருந்துமா என்று கேட்பதுமாகத் தொடங்கிய பழக்கம் நாளடைவில் நட்பாக முதிர்ந்தது. ஆசிரியையின் கணவர் நோயுற்று வைத்தியசாலையிற் கிடந்த மூன்று வாரமும் இரவு தவறாது விசாரித்தவர் இந்த அம்மையாரே. ஆதலால் இவர் அவரை வாய் நிறைய “அக்கா” என்று அழைக்கின்றார்.

அக்காவிடத்தில் ஒரு குறை. எந்த நாட்டவரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறிவிடுவார். ஒல்லாந்தர் யாவரும் உலோபிகள், இத்தாலியர் வாயாடிகள், இந்தியர் ஏமாற்றுக்காரர், ஜேர்மானியருக்கு நெஞ்சில் ஈரமில்லை, சீனரென்றால் நம்பவே கூடாது, பிறவியிலேயே சூதுள்ள கூட்டம். ஆசிரியை இவற்றைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார். “ஒல்லாந்தர் உலோபிகளாயின் எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்” என்று அவரே எழுதுகின்றார்.

இருந்துவிட முடியாத நிலை இப்பொழுது வந்துவிட்டது. அதே ரொறன்ரோவில் அவருடைய தமக்கையின் மகன், அதாவது பெறாமகன், ஒரு சீனப் பெண்ணை மணஞ்செய்ய விரும்புவதாக வீட்டாருக்கு அறிவித்திருக்கின்றான். பெண் தாதியாகக் கடமையாற்றுபவள். பையனின் அம்மம்மா, அதாவது எமக்குக் கடிதம் எழுதியவரின் தாயார், ஒரு வாரம் ஒன்றும் பேசவில்லை. எட்டாம் நாள் பேசினார். “உன்னுடைய கனடா அக்கா சொன்னவ தானே, சீனரை நம்பக் கூடாதென்று, அங்கேயே இருக்கிறவவுக்குத் தெரியாததா?” அம்மையார் என்றோ குரலிற் பதிவுசெய்து அனுப்பிய ஒரு செய்தி அடுக்களையில் ஒலித்தபோது கிழவியார் கேட்டுக்கொண்டிருந்திருக்கின்றார்!

அக்காவை மறுத்துரைப்பதா, மௌனமாயிருப்பதா என்பதே கேள்வி.

மௌனத்தின் பக்கத்தில் நியாயமில்லை என்று எவரும் கூறார். வயதில் மூத்தவர், துன்பத்தில் உதவியவர், முகம் காணாதவர். நேரிற் பேசும்போது ஒரு புன்னகை ஆற்றிவிடக்கூடிய சொல், எழுத்தில் நின்று சுடும். மௌனம் கலக நாஸ்தி என்றும் சொல்வர். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்றும் சொல்வர். நமது முதுமொழிகள் எந்த வழக்கிலும் இரு கட்சிக்கும் சாட்சி சொல்ல வல்லன.

அன்றியும், வாயாற் சொல்வதையும் கையாற் செய்வதையும் ஒன்றாகக் கொள்ளுதல் தவறு. இதற்கு ஓர் ஆராய்ச்சி உண்டு. அதுவும் சீனரைப் பற்றியதே. அமெரிக்காவின் ஸ்ரான்பேட் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த றிச்சேட் லப்பியர் என்பவர், 1930ஆம் ஆண்டு தொடங்கி இரண்டாண்டு காலம், இளஞ்சீன மாணவர் ஒருவரோடும் அவர் மனைவியோடும் அந்நாடெங்கும் மோட்டார் வண்டியிற் பிரயாணஞ் செய்தார். சீனர் மீது அங்கு வெறுப்பு மிகுந்திருந்த காலம் அது. அவர்கள் 251 விடுதிகளிலும் உணவுச்சாலைகளிலும் நுழைந்தனர். இடமில்லையென்று மறுக்கப்பட்டது ஓரிடத்தில் மாத்திரமே. பின்னர் அவ்விடங்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, சீன இனத்தவரை விருந்தினராக ஏற்பீர்களா என்று வினவினார். மறுமொழி எழுதிய 128 இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை ‘ஏற்கமாட்டோம்’ என்றன! ஆராய்ச்சியின் முடிவு 1934இல் வெளிவந்தது. உடன் சென்றவர் வெள்ளையர் என்பதையும், கடிதத்துக்கு மறுமொழி எழுதியவரும் வாயிலில் நின்று வரவேற்றவரும் ஒருவரேயென்று கூறமுடியாதென்பதையும் நாம் மறக்கவில்லை. ஆயினும், ‘சீனர்’ என்னும் சொல்லுக்குக் கதவடைத்தவர் பலர், களைத்துச் சிரித்துக்கொண்டு வந்து நின்ற இருவருக்குக் கதவைத் திறந்தனர் என்பது மெய்.

ஆகவே ரொறன்ரோ அக்காவை, அவர் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டு தீயவர் என்று தள்ளிவிடுதல், அவர் சீனருக்குச் செய்யும் அநீதியையே நாம் அவருக்குச் செய்வதாகும். அவருடைய பல் வைத்தியர் ஒரு சீனராகவும் இருக்கலாம். கேட்டால், “அவர் மாத்திரம் நல்ல மனிதர்” என்பார்.

அந்த ‘மாத்திரம்’ என்ற சொல்லிலே சற்று நிற்போம். எமது கல்லூரியிற் கட்டுரை திருத்தும்போது ‘எல்லாரும்’ என்ற சொல்லின் கீழே சிவப்பு மையாற் கோடிடுவது எம் வழக்கம். மாணவர் இதனை ஆசிரியரின் பைத்தியம் என்று கருதுகின்றனர் என அறிவோம். ஆனால் நம் முன்னோரின் அளவை நூல் இவ்விஷயத்தில் எம்மினும் கண்டிப்பானது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்று பொதுவிதி கூற வேண்டுமாயின், அடுக்களையைக் காட்டினாற் போதாது. புகை இருந்து நெருப்பு இல்லாத இடம் ஒன்றேனும் இல்லையென்பதும் நிலைநிற்க வேண்டும். மாறான எடுத்துக்காட்டு ஒன்று வந்துவிட்டால் விதி விழும். நாட்டவரைப் பற்றிய பேச்சிலோ விதி விழுவதில்லை. நல்ல சீனர் ஒருவர் வந்தால் அவரை ‘மாத்திரம்’ என்று ஒரு புறத்தில் ஒதுக்கிவிட்டு விதி தன் வழியே செல்லும்!

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே என்று சிலர் வாதிடலாம். சமைப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரே நெல், ஒரே உலை, ஒரே தீ. அதனாலேதான் ஒரு சோறு மற்றவற்றுக்குச் சாட்சியாகின்றது. பச்சையரிசியையும் புழுங்கலையும் கலந்து உலையிலிட்டால் ஒரு பருக்கையை நசித்துப் பார்த்துப் பானையை இறக்கும் துணிவு எந்தத் தாய்க்கும் வாராது. சீன தேசத்தில் ஏறக்குறைய 140 கோடி மக்கள். அரசாங்கம் ஏற்றுக்கொண்ட இனங்கள் மாத்திரம் 56. ரொறன்ரோவில் சீனர் எனப்படுவோருள் கொங்கொங்கிலிருந்து வந்தவர் உளர். மலேசியாவிலிருந்து வந்தவர் உளர். பாட்டன் காலந்தொட்டுக் கனடாவிலே பிறந்து சீனமொழி அறியாதவரும் உளர். இதுவா ஒரு பானை?

இவ்வளவும் தருக்கம். தருக்கத்தோடு விஷயம் முடிந்தால் நாமும் மௌனத்தின் பக்கமே தீர்ப்புக் கூறியிருப்போம். ஏனெனில் பிழையான தருக்கம் பேசுவோரையெல்லாம் திருத்தப் புறப்பட்டால் நண்பர் ஒருவரும் மிஞ்சார். ஆனால் சொல் அக்காவின் வாயிலேயே தங்கவில்லை. அது ஒரு வீட்டு அடுக்களைக்கு வந்து, முகமறியாத ஒரு பெண்ணின் வாழ்வுக்குக் குறுக்கே நிற்கின்றது. அவள் பெயரை இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. அவள் செய்யாத குற்றத்துக்குச் சாட்சியாகப் பூவேலை அனுப்பிய அம்மையார் அழைக்கப்பட்டிருக்கின்றார். அது அவருக்கே தெரியாது.

இவ்வகைச் சொற்கள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காண அம்மையார் வாழும் கனடாவின் சரித்திரமே போதும். 1881க்கும் 1885க்கும் இடையே, அந்நாட்டின் மேற்குக் கோடியில் மலைகளைக் குடைந்து புகையிரதப்பாதை அமைக்க ஏறக்குறைய 15,000 சீனத் தொழிலாளர் அமர்த்தப்பட்டனர். வெள்ளையருக்குக் கொடுத்ததிலுங் குறைந்த கூலி. அபாயம் மிகுந்த வேலை. வெடியாலும் நோயாலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பாதை முடிந்த 1885ஆம் ஆண்டிலேயே, உள்ளே வரும் ஒவ்வொரு சீனர் தலைக்கும் 50 டொலர் வரி விதிக்கப்பட்டது. 1903இல் அது 500 டொலர் ஆயிற்று. ஒரு தொழிலாளியின் இரண்டாண்டு உழைப்புக்குச் சமமான தொகை என்று கூறுவர். சீனர் நம்மோடு சேரமாட்டார், ஒழுக்கமற்றவர், குடும்பமாக வாழ அறியாதவர், உழைத்த பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுபவர்: இவையே வரிக்குக் கூறப்பட்ட காரணங்கள்.

இங்கே வாசகர் கவனிக்க வேண்டியது ஒன்று. மனைவியையும் பிள்ளையையும் அழைக்கத் தலைக்கு 500 டொலர் கேட்டால் எந்தத் தொழிலாளி அழைப்பான்? ஆண்கள் தனித்தே வாழ்ந்தனர். வன்கூவரில் சீனர் வாழ்ந்த தெருக்கள் ஆண்களின் தெருக்களாயின. பின்னர் அத்தெருக்களைச் சுட்டிக்காட்டி, “பார்த்தீர்களா, குடும்ப வாழ்க்கை அறியாதவர்” என்றனர். சட்டம் செய்த காரியத்தை இயல்பு என்று பெயரிட்டு, அவ்வியல்பைக் காட்டியே 1923இல் இன்னொரு சட்டம் செய்தனர். அதன்படி சீனர் வருகை ஏறக்குறைய முற்றாகத் தடுக்கப்பட்டது. 1947 வரை அத்தடை நீடித்தது. தலைவரிக்காகக் கனடாப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2006இல்; அதற்குள் வரி கட்டியவர்களில் மிகச் சிலரே உயிரோடிருந்தனர்.

சீனரைப் பற்றி அவ்வாறு பேசிய நாக்கு இந்தியரைப் பற்றியும் பேசிற்று. 1914இல் ‘கோமகாதா மாறு’ என்னுங் கப்பலில் வந்த 376 பிரயாணிகள், பெரும்பாலார் பஞ்சாபியர், வன்கூவர்த் துறைமுகத்தில் இரண்டு மாதம் நிறுத்திவைக்கப்பட்டனர். ஒரு சிலரொழிய ஏனையோர் திருப்பி அனுப்பப்பட்டனர்.

எம்மவரைப் பற்றியுங் கேளுங்கள். 1986ஆம் ஆண்டு ஆவணி மாதம், நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இலங்கைத் தமிழர் 155 பேர் மிதந்துகொண்டிருந்தனர். அந்நாட்டு மீனவர் அவர்களைக் கண்டு கரைசேர்த்தனர். இந்தியாவிலிருந்து கப்பலேறினோம் என்று அவர்கள் முதலிற் கூறினர். மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்தவர்கள் என்பது பின்னர் வெளியாயிற்று. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்திற் கூறிய பொய் அது. உடனே எழுந்தது கூக்குரல். இவர்கள் பொய்யர், இவர்களை நம்பக் கூடாது, வரிசையைக் கடந்து உள்ளே நுழையும் கூட்டம். எனினும் அரசாங்கம் அவர்களைத் தங்க அனுமதித்தது. 2010இல் ‘சன் சீ’ என்னுங் கப்பலில் 492 தமிழர் மேற்குக் கரையை அடைந்தபோதும் அவ்வாறே. குழந்தைகளும் இருந்த அக்கப்பலை ஆட்கடத்தற்காரரும் பயங்கரவாதிகளும் நிறைந்த கப்பலென்று பேசினர். வந்தவர்கள் பல மாதம் தடுப்பில் வைக்கப்பட்டனர்.

ரொறன்ரோ அக்கா எந்த ஆண்டில், எவ்வழியாகக் கனடா சென்றார் என்பதை நாம் அறியோம். ஆனால் அந்நாட்டிலே தமிழ்ப் பெயரோடு வாடகைக்கு வீடு தேடியவர், வேலைக்கு மனுச் செய்தவர் எவரும், ‘நம்பக் கூடாத கூட்டம்’ என்ற சொல்லின் நிழல் தம் மேல் விழுந்ததை ஒரு நாளேனும் உணர்ந்திருப்பர். அந்நிழலை அவர் இன்னொருத்தி மேல் விழவிடுகின்றார். இதை அறிந்து செய்கின்றார் என்று நாம் எண்ணவில்லை.

இத்தகைய தீர்ப்புகள் எத்துணை நிலையற்றவை என்பதற்கும் சான்று உண்டு. 1933இல் பிறின்ஸ்ரன் சர்வகலாசாலையைச் சேர்ந்த கற்ஸ், பிறேலி என்னும் இருவர் 100 மாணவரிடம் ஒரு குணப்பட்டியலைக் கொடுத்து, பத்து இனத்தவருக்கும் உரிய குணங்களைத் தெரிவு செய்யும்படி கேட்டனர். சீனருக்கு முன்னணியில் நின்ற குணங்களில் ஒன்று ‘சூது’. யப்பானியருக்கு முதலிற் கிடைத்தவை அறிவும் உழைப்பும். துருக்கியரோடு பழகியறியாத மாணவரும் துருக்கியருக்குக் ‘கொடியவர்’ என்ற பட்டத்தைத் தயங்காது வழங்கினர். அதே கேள்வி 1951இல் அங்குள்ள மாணவரிடம் மீண்டும் கேட்கப்பட்டது. இடையிலே ஒரு யுத்தம் நடந்துவிட்டது. சீனம் நேச நாடு, யப்பான் பகை நாடு. சீனரின் சூது ஏறக்குறைய மறைந்துவிட்டது! குடும்பப் பற்றுள்ளோர் என்ற பெயர் அவர்களுக்கு முன்னிலும் மேலோங்கிற்று. யப்பானியரின் அறிவும் உழைப்பும் கீழே இறங்கின. பிறரைப் பார்த்துச் செய்பவர், சூதுடையவர் என்பன முன்வந்தன. அடுத்த தலைமுறை மாணவரைக் கேட்டு 1969இல் முடிவை வெளியிட்டபோது யப்பானியர் மீண்டும் உழைப்பாளிகள். யப்பானியர் மாறினரா, கேட்கப்பட்டவர் மாறினரா? எமக்கு மகிழ்ச்சி தந்த செய்தி ஒன்றும் அதிலுண்டு: 1951ஆம் ஆண்டு மாணவர் பலர், இவ்வாறு ஓர் இனத்துக்கே குணம் கூறச் சொல்வது தகாது என்று முறையிட்டனராம்.

யப்பானியரின் உழைப்பை நாம் இன்று பழமொழியாக்கிவிட்டோம். 1911இல் அந்நாட்டைச் சுற்றிப் பார்த்த ஆங்கில அறிஞர் பியட்றிஸ் வெப் அம்மையார், அம்மக்கள் ஓய்வையே பெரிதாக மதிப்பவர் என்று குறைப்பட்டு எழுதினார். 1915இல் தொழிற்சாலைகளைப் பார்வையிட்ட ஆஸ்திரேலிய நிபுணர் ஒருவர், நேரத்தின் அருமை அறியாதவர் என்ற கருத்தைச் சொன்னார். 1840களில் ஜேர்மனியிற் பிரயாணஞ் செய்த எழுத்தாளர் மேரி ஷெல்லிக்கு ஜேர்மானியரின் மந்தம் பொறுக்கவில்லை. மணியடித்துத் தொடங்கும் வேலையும் கூலியும் கல்வியும் வந்த பின்னர் இரண்டு இனங்களின் ‘பிறவிக் குணமும்’ மாறிவிட்டன.

அந்நிய தேசம் வரை செல்வானேன்? கோப்பித் தோட்டம் திறந்த வெள்ளைத் துரைமார், கண்டிச் சிங்களவர் சோம்பேறிகள் என்றனர். சொந்த வயலும் சேனையும் உள்ள விவசாயி, அற்பக் கூலிக்குப் பிறனுடைய தோட்டத்தில் ஏன் முதுகு வளைக்க வேண்டும் என்பதை அவர்கள் கேட்கவில்லை. தென்னிந்தியாவிலிருந்து பஞ்சம் துரத்திய தமிழரை மன்னார் வழியாக நடத்திக் கொண்டுவந்தனர். வழியில் மாண்டோர் பலர். அந்தத் தமிழருக்கும் ஒரு குணம் கற்பித்தனர்: அடங்கி நடப்பவர் என்று. துரைமார் சென்று பல காலமாகியும் அந்த இரண்டு பட்டங்களும் இந்நாட்டை விட்டுப் போகவில்லை. யாழ்ப்பாணத்தவரான எம்மைப் பனங்கொட்டை சூப்பிகள் என்று பிறர் அழைப்பதும், நாம் பிறருக்கு வைத்திருக்கும் பெயர்களும் வாசகர் அறிந்தவையே. பின்னவற்றை ஒரு குடும்பப் பத்திரிகையில் அச்சிட இயலாது.

இவ்வளவு கூறியதனால், நாட்டுக்கு நாடு வேற்றுமை இல்லையென்று நாம் வாதிப்பதாக ஒருவரும் கொள்ளற்க. வேற்றுமை உண்டு. யப்பானில் வீட்டினுள் பாதரட்சையோடு நுழையார். ஒல்லாந்தில் நண்பர்கள் கூடி உண்டால் அவரவர் பங்கை அவரவர் செலுத்துதல் பெரிதும் வழக்கம்; அதனை உலோபம் என்று கொள்வது, விருந்தினரை மறித்து மறித்து உண்பிக்கும் நம் பழக்கத்தை அவர்கள் வன்முறை என்று கொள்வதற்கு ஒப்பாகும். மக்கள் என்ன செய்கின்றனர் என்பது ஒன்று. என்னவாயிருக்கின்றனர் என்பது வேறொன்று. முன்னதைப் பார்த்துச் சொல்லலாம். பின்னதைக் குறித்துப் பெரிய ஆராய்ச்சியாளரே இடறியிருக்கின்றனர். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்விலே 49 சமுதாயங்களைச் சேர்ந்தோர் தத்தம் நாட்டவரின் குணத்தை வருணித்தனர். அவ்வருணனைகள், தனித்தனி மனிதரை அளந்து பெற்ற முடிவுகளோடு பொருந்தவில்லை. கனேடியர் தம்மைச் சாந்தர் என்றும், அமெரிக்கர் தம்மை முந்தி நிற்பவர் என்றும் கருதினர். அளந்து பார்த்தால் இருவர்க்கும் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. தன் நாட்டையே ஒருவன் அறிந்தது இவ்வளவு!

ஆகவே ஆசிரியை பேசத்தான் வேண்டும். எப்படிப் பேசுவது என்பதே கடினம். மேலே நாம் எழுதிய ஆண்டுகளையும் தொகைகளையும் அப்படியே அக்காவுக்கு அனுப்ப வேண்டாம். வழக்கறிஞரின் கடிதம் வந்தது போலிருக்கும். “சீனர் மிக நல்லவர்” என்று எதிர்த்துப் பேசுதலும் வீண். அதுவும் அளவின்றிச் சொல்லும் ஒரு சொல்லே; அக்கா சூது செய்த ஒரு சீனரைக் காட்டினால் அவ்வாதம் இடிந்துவிடும். “நீங்கள் இனவெறி பிடித்தவர்” என்ற சொல் எக்காரணங் கொண்டும் வேண்டாம். அச்சொல்லைக் கேட்டு மனம் மாறியவரை நாம் கண்டதில்லை. கதவை அடைத்துக்கொண்டவரைக் கண்டிருக்கின்றோம்.

எமக்குத் தோன்றுவது இது. முதலில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். “அக்கா, எங்கடை பெறாமகன் கட்ட விரும்பிற பெண் ஒரு சீனப் பிள்ளை. நீங்கள் முந்திச் சொன்னதை அம்மா கேட்டுவிட்டு இப்ப மறிக்கிறா. எனக்கு அது மனவருத்தமாயிருக்கு.” இவ்வளவே போதும். இதில் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் தம் சொல் எங்கே சென்று விழுந்தது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதன் பின்னர் ஒரு கேள்வி: “உங்களுக்கு அவையளாலை ஏதும் நடந்ததோ?” இக்கேள்வியை உண்மையாக அறியும் விருப்போடு கேட்க வேண்டும், மடக்கும் நோக்கோடு கேட்டால் எழுத்திலும் அது தெரிந்துவிடும். எல்லாரையும் குறித்துப் பேசும் பேச்சின் அடியிலே பெரும்பாலும் ஒருவர் இருப்பார். கூலியைப் பிடித்து வைத்த கடைக்காரர், குளிர்காலத்தில் வெப்பமூட்டும் கருவியைத் திருத்தித் தராத வீட்டுக்காரர், வேலையிடத்தில் பழியைத் தள்ளிவிட்ட ஒருவர். அந்த ஒருவரின் கதையை அக்கா சொல்லத் தொடங்கினால் ஆசிரியை பொறுமையோடு கேட்கட்டும். துயரம் உண்மையானதாயிருக்கலாம். அதனை மறுக்க வேண்டியதில்லை. அந்தக் கடைக்காரரின் பிழை ஒரு தாதியின் தலையிலே ஏறவேண்டுமா என்பதை அக்காவே யோசிக்கட்டும். கதையொன்றும் இல்லை, எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னேன் என்றாராயின், அதுவும் நல்லதே. பெரும்பாலோர் அவ்வாறு ஒப்புக்கொள்ளும்போது சற்று நாணுவர்.

அக்கா கோபித்துக்கொண்டால்? கோபிக்கலாம். சில நாள் செய்தி வாராதிருக்கலாம். ஒரு பெண்ணின் திருமணத்தோடு ஒப்பிட்டால் அது தாங்கக்கூடிய இழப்பே. உண்மையை அறிந்த பின்னரும் அப்பெண்ணைக் குறித்தே அவ்வாறு பேசுவாராயின், அந்த நட்பு பூவேலையளவில் நின்றுவிடுதல் நலம். ஒல்லாந்தரையும் இத்தாலியரையும் பற்றி அவர் சொல்வனவற்றுக்கெல்லாம் வழக்காடப் போவது வேண்டாதது. வேலை தேடுபவர், வீடு தேடுபவர், மணமகளாகப் போகின்றவர் என்று ஒருவர் அச்சொல்லின் எதிரே நிற்கும்போது, அல்லது வீட்டுப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது மாத்திரம் வாயைத் திறந்தாற் போதும். மற்றை வேளைகளில் “அப்படியோ அக்கா” என்று சொல்லிவிட்டு நூலின் நிறத்தைப் பற்றிக் கேட்பது கோழைத்தனமாகாது.

தாயாரின் விஷயம் வேறு. அவரோடு எழுத்தில் வாதிட முடியாது. வாதத்தால் அவர் அசையவும் மாட்டார். அங்கே லப்பியரின் பிரயாணமே வழிகாட்டுகின்றது. பெறாமகன் அப்பெண்ணைத் தொலைபேசியின் திரையில் அம்மம்மாவின் முன் கொண்டுவந்து நிறுத்தட்டும். ‘சீனரை ஏற்பீர்களா’ என்று கேட்டால் அம்மம்மாவின் மறுமொழி நாம் அறிந்ததே. பிள்ளை ஒருத்தி எதிரே இருந்து, தாதியல்லவா, “அம்மம்மா, முழங்கால் நோ எப்படி?” என்று அரைகுறைத் தமிழிற் கேட்டால் மறுமொழி வேறு விதமாயிருத்தல் கூடும். அவ்வொரு வாக்கியத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது பையனின் பொறுப்பு. முதல் நாளே நடந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வேண்டும்.

அக்காவுக்கு எழுதும் கடிதத்தைத் தாயாருக்குக் காட்டுவதா என்றும் ஆசிரியை கேட்டிருக்கின்றார். காட்ட வேண்டாம். அக்காவே மனமுவந்து, “நான் அப்படிச் சொன்னது சரியில்லை” என்று கிழவியாரோடு பேச முன்வருவாராயின், அதனினும் மேலான சாட்சி வேறில்லை. ஆனால் அதனை நாம் கேட்டு வாங்குதல் முறையன்று. தை பிறந்தால் திருமணப் பேச்சு முற்றாகிவிடும் என்று எழுதியிருப்பதால், ரொறன்ரோவுக்கு எழுத வேண்டியதை இவ்வாரத்திலேயே எழுதிவிடுவது நன்று. மறுமொழி எவ்வாறு வந்ததென்பதை எமக்கும் ஒரு வரி அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கின்றோம்.